ஃப்ரீஸ்டைல் பனிச்சறுக்கில் முன்னேற எந்த முகாமுக்குப் போவது?

கேள்வி: மூன்று சீசனாகப் பனிச்சறுக்கு செய்கிறேன். சாதாரணச் சரிவுகளில் பயமில்லை. டெரைன் பார்க்கில் (ஜம்ப்களும் சறுக்கிச் செல்லும் கம்பிகளும் அமைத்த பகுதி) சின்ன ஜம்ப்களைத் தாண்டுவேன். காற்றில் அரைச் சுற்று (180) வரும், முழுச் சுற்று (360) பத்துக்கு நாலு முறைதான் நிற்கும். ஒரு வாரம், பத்து நாள் முகாமுக்குப் போய் முன்னேற வேண்டும் என்று ஆசை. எந்த முகாம் நல்லது?

பதில்:

உங்கள் கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. 360 பத்துக்கு நாலு முறை நிற்கிறது என்கிறீர்கள். சுற்றவே தெரியாதவருக்குப் பத்துக்கு ஒன்றுகூட நிற்காது. அதனால் சுற்றுவது உங்களுக்குத் தெரியும், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி கிளம்பத்தான் வரவில்லை. ஒருமுறை வேகம் கூடுகிறது, ஒருமுறை குறைகிறது. ஒரு கால் முந்துகிறது. கிக்கரின், அதாவது நம்மை மேலே தூக்கிவிடும் பனிமேட்டின், விளிம்பை விட்டு எழும்புவதற்கு முன்பே தோள் திரும்பிவிடுகிறது. இதைச் சரிசெய்ய நான் அறிந்த ஒரே வழி, ஒரே ஜம்பை ஒரே பயிற்சியாளரின் கண்முன் நிறையத் தடவை தாண்டுவதுதான். ஆகவே முகாம் தேடும்போது முதலில் பார்க்க வேண்டியது, ஒரு நாளில் எத்தனை தடவை தாண்டலாம், அதையெல்லாம் யார் நின்று பார்ப்பார்கள் என்பது. மலையின் பெயர், வந்துபோகும் நட்சத்திர வீரர்கள், விளம்பர வீடியோவில் வரும் ராட்சத ஜம்ப் எல்லாம் அப்புறம்.

இதை நான் அடிபட்டுத்தான் கற்றேன். மாணவனாகப் போன முதல் முகாமில் வயதை வைத்துக் குழு பிரித்தார்கள். என் வயதுக்காரர்கள் பெரிய ஜம்புக்குப் போனார்கள், நானும் போனேன். வேகம் போதாமல், கிக்கருக்கும் இறங்கும் சரிவுக்கும் நடுவில் இருக்கும் தட்டை மேடையின் முனையில் இறங்கினேன், முழங்கால் வீங்கியது. மீதி ஐந்து நாளும் மற்றவர்கள் தாண்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வருடம் வேறொரு முகாமுக்குப் போனேன். அங்கே இருந்த பயிற்சியாளர் முதல் இரண்டு நாள் என்னைச் சுற்றவே விடவில்லை. நேராகக் கிளம்பு, இரண்டு காலாலும் ஒன்றாக எழும்பு, காற்றில் முழங்காலை மடக்கு, அமைதியாக இறங்கு, திரும்ப மேலே போ. அவ்வளவுதான். மூன்றாம் நாள் "இப்போது சுற்று" என்றார். அந்த 360 இன்றுவரை என்னைக் கைவிட்டதில்லை. பிற்பாடு நானே பார்க்கில் பல சீசன் பயிற்சி கொடுத்தபோதும், நேர்த் தாவல் சுத்தமாக இருந்தவர்களே வேகமாக முன்னேறியதைப் பார்த்தேன்.

முகாம்களைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒன்று தெளிவாக வேண்டும். ஃப்ரீஸ்டைல் என்பது ஒரே விளையாட்டு அல்ல. மேடுகள் நிறைந்த சரிவில் இறங்கும் மோகல் 1992-ல் ஒலிம்பிக் பதக்கப் போட்டியானது. செங்குத்தான கிக்கரிலிருந்து எழும்பித் தலைகீழாகச் சுற்றும் ஏரியல்ஸ் 1994-ல் வந்தது. இருபுறமும் பனிச்சுவர் எழும் அரைக்குழாய் போன்ற ஹாஃப்பைப்பும் ஸ்லோப்ஸ்டைலும் 2014-ல், ஒரே பெரிய ஜம்பில் தாண்டும் பிக் ஏர் 2022-ல் சேர்ந்தன. ஒவ்வொன்றுக்கும் பயிற்சி வேறு, முகாமும் வேறு. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களுடையது ஸ்லோப்ஸ்டைல் வழி, அதாவது பார்க்கில் ஜம்பும் ரயிலும் (சறுக்கிச் செல்லும் கம்பி). "ஃப்ரீஸ்டைல் முகாம்" என்ற பெயரை மட்டும் நம்பிப் பணம் கட்டி, போய்ப் பார்த்தால் வாரம் முழுக்க மோகல் என்று இருந்தவர்களை எனக்குத் தெரியும். மோகல் மோசமான பயிற்சி இல்லை, காலுக்கும் கண்ணுக்கும் அதைப்போல ஒன்று கிடையாது. ஆனாலும் தெரிந்து போவது வேறு.

சரி, நல்ல முகாமில் என்ன இருக்க வேண்டும்? ஒரு ஏணி இருக்க வேண்டும். அடிப்படியில் ட்ராம்போலின், நடுப்படியில் ஏர்பேக் என்னும் காற்றடைத்த பெரிய பை அல்லது நீர்க்குளம், மேல்படியில் பனி. புதிதாக ஒன்றைக் கற்கும்போது படிப்படியாக ஏறுகிறீர்கள், பனியில் தடுமாறினால் ஒரு படி இறங்குகிறீர்கள். எந்தப் படி எதைச் சொல்லிக்கொடுக்கும், எதை மறைக்கும் என்று தெரிந்துகொண்டால் முகாம்களை நீங்களே எடைபோடலாம்.

ட்ராம்போலினில் கிடைப்பது காற்றில் உடல் எங்கே இருக்கிறது என்ற உணர்வு. பனியில் ஒரு தாவலுக்கு லிஃப்டில் பத்து நிமிடம் போகும். ட்ராம்போலினில் அதே பத்து நிமிடத்தில் ஐம்பது முறை சுற்றிவிடலாம். ஆனால் அது உங்களை நேரே மேலே தூக்குகிறது, பனியில் முன்னோக்கிப் போய்க்கொண்டே எழும்ப வேண்டும். கிளம்புவதை ட்ராம்போலின் கற்றுத்தராது.

ஏர்பேக்கில் இரண்டு வகை. தட்டையான பழைய வகையில் எப்படி விழுந்தாலும் பை உங்களை விழுங்கிக்கொள்ளும். பயத்தைப் போக்க அது நல்லது. ஆனால் 360 போதாமல் 300-லேயே நின்றாலும், அதிகமாகச் சுற்றினாலும், இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். சரிவான லேண்டிங் பை அப்படியில்லை. காலில் இறங்கிச் சறுக்கிக்கொண்டு வெளியே வரலாம், தவறினால் அடி குறைவு. கிடைத்தால் இந்த வகை இருக்கும் முகாமையே எடுங்கள். பஞ்சுத் துண்டுகள் நிரப்பிய குழியான ஃபோம் பிட்டும் பல இடங்களில் இருக்கும். ஸ்கி மாட்டியபடி அதில் விழும்போது ஸ்கி பஞ்சில் சிக்கி முழங்கால் முறுக்கிக்கொள்ளலாம், அதனால் பயிற்சியாளர் பக்கத்தில் இல்லாமல் இறங்காதீர்கள்.

நீர்க்குளம் பெரும்பாலும் ஏரியல்ஸ்காரர்களுக்கானது. நனைத்த பிளாஸ்டிக் பரப்பில் ஸ்கியோடு இறங்கி, கிக்கரில் எழும்பி, தண்ணீரில் விழுவார்கள். விழும் இடத்தில் அடியிலிருந்து காற்றுக்குமிழிகளை விட்டுத் தண்ணீரை மெதுவாக்குவார்கள். அமெரிக்காவில் யூட்டா ஒலிம்பிக் பார்க்கிலும் லேக் பிளாசிடிலும், சுவிட்சர்லாந்தில் மெட்மென்ஸ்டெட்டனிலும் இப்படிக் குளங்கள் உண்டு. ஆஸ்திரேலியாவில் பனியே விழாத பிரிஸ்பேனில் ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள். அந்த நாட்டுக்கு ஏரியல்ஸில் தங்கம் வாங்கித்தந்த அலிசா காம்ப்ளினும் (2002) லிடியா லாசிலாவும் (2010) ஜிம்னாஸ்டிக்ஸிலிருந்து வந்தவர்கள் என்பதை நினைத்தால் இந்த ஏணியின் கீழ்ப்படிகளுக்கு எவ்வளவு மதிப்பு என்று புரியும். தலைகீழ்ச் சுற்று எதையும் தண்ணீரிலோ பையிலோ நிரூபித்துக் காட்டாமல் பனியில் செய்ய விடாத விதி பல நாட்டுச் சங்கங்களில் இருக்கிறது. உங்கள் முகாம் அப்படி ஒரு விதியை வைத்திருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் மற்ற விஷயங்களிலும் அவர்கள் கவனமாக இருப்பார்கள் என்று நம்பலாம்.

அப்புறம் பனி. இங்கே பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் விஷயம் ஒன்று. ஜம்பின் உயரத்தைப் பார்த்துப் பயப்படுகிறோம், பார்க்க வேண்டியது இறங்கும் சரிவை. நீங்கள் விழும் பாதையும் இறங்கும் சரிவும் கிட்டத்தட்ட ஒரே சாய்வில் இருந்தால் எவ்வளவு தூரம் பறந்து வந்தாலும் முழங்காலுக்கு வரும் அடி சிறியது. தட்டையான இடத்தில் இறங்கினால் சின்ன உயரம்கூட உடம்பைக் குலுக்கும். நடுவில் தட்டை மேடை உள்ள ஜம்பில் வேகம் போதாமல் மேடையிலேயோ அதன் முனையிலேயோ இறங்குவது அதனால்தான் ஆபத்து. எனக்கு நடந்ததும் அதுதான். வேகம் மிஞ்சிச் சரிவைத் தாண்டித் தட்டையில் இறங்குவது அதைவிட மோசம். ஆக, நன்றாகச் செதுக்கிய நடுத்தர ஜம்ப், ஏனோதானோவென்று குவித்த சின்ன ஜம்பைவிடப் பாதுகாப்பானது. முகாமின் படங்களைப் பார்க்கும்போது லேண்டிங் நீளமாகவும் சீராகவும் இருக்கிறதா, சிறியது முதல் பெரியது வரை மூன்று நான்கு அளவுகள் வரிசையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். சிறியதற்கும் பெரியதற்கும் நடுவில் ஒன்றும் இல்லாத பார்க் உங்களுக்கு வேண்டாம்.

இனி இடங்கள். எப்போது விடுப்பு கிடைக்கும் என்பதை வைத்தே பாதி முடிவாகிவிடும்.

ஜூன், ஜூலை என்றால் வட அமெரிக்காவில் இரண்டு பழைய பெயர்கள். கனடாவில் விஸ்லரை ஒட்டிய பிளாக்கோம் பனியாற்றில் மொமென்டம் முகாம். ஒலிம்பிக் மோகல் வீரரான ஜான் ஸ்மார்ட் 1992-ல் தொடங்கியது. மோகலில் ஆரம்பித்துப் பிறகு பார்க், பைப் என்று விரிந்தது. பெரியவர்களுக்கும் தனி அமர்வுகள் நடத்தியிருக்கிறார்கள். அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தின் மவுண்ட் ஹூட், அங்கே டிம்பர்லைன் சறுக்குத் தளத்துக்கு மேலே பால்மர் பனிவெளி. கோடையில் தேசிய அணிகளும் அங்கே வந்து பயிற்சி எடுக்கின்றன. கோடை முகாமின் நாள் ஒரே தாளத்தில் போகும். விடிந்ததும் மலைக்குப் போவார்கள். கஞ்சிபோல இளகும் பனியில் உப்புத் தூவுவார்கள். உப்பு கொஞ்சம் பனியைக் கரைக்கும்போது சுற்றியுள்ள வெப்பத்தை இழுத்துக்கொள்ளும், அதனால் மேற்பரப்பு இறுகும். மதியத்துக்குள் மலை வேலை முடிந்துவிடும், பிற்பகலில் ட்ராம்போலின், வீடியோ, ஓய்வு. பிற்பகலில் என்ன ஏற்பாடு என்று கேட்டால் முகாமின் தரம் தெரிந்துவிடும். "விருப்பம்போல் இருக்கலாம்" என்று பதில் வந்தால் உங்கள் பணத்தில் பாதி நாள் வீண்.

ஐரோப்பாவில் சுவிட்சர்லாந்தின் ஸாஸ்ஃபே பனியாற்றில் கோடைக் கடைசியிலும் இலையுதிர் காலத்திலும், ஆஸ்திரியாவின் ஸ்டூபாய் பனியாற்றில் இலையுதிர் காலத்திலும் பார்க் அமைக்கிறார்கள். உலகத்தின் முன்னணி வீரர்களில் பலர் சீசனுக்கு முன் அங்கேதான் இருப்பார்கள். பார்த்துக் கற்க அருமையான இடம். ஆனால் ஜம்ப்கள் அவர்களுக்காகச் செய்தவை, லிஃப்ட் வரிசையும் நீளம். உங்கள் நிலையில் முதல் முகாமாக நான் சொல்ல மாட்டேன். நார்வேயில் ஃபோல்கெஃபோனா பனியாற்றில் கோடை முகாம் நடந்துவருகிறது. தென் அரைக்கோளத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரை உண்மையான குளிர்காலம் என்பதால் நியூசிலாந்தின் கார்ட்ரோனா, ஆஸ்திரேலியாவின் பெரிஷர் இரண்டும் நல்ல தேர்வு. பனியாற்றின் மிச்சத்தை நம்பியிராமல் முழு மலையும் திறந்திருக்கும், பார்க்கில் எல்லா அளவும் இருக்கும்.

குளிர்காலத்திலேயே போக முடிந்தால் அமெரிக்காவின் கொலராடோவில் காப்பர் மலையின் வுட்வர்ட் பயிற்சி மையத்தையும், சுவிட்சர்லாந்தின் லாக்ஸையும் பாருங்கள். இரண்டிலும் மலைக்குப் பக்கத்திலேயே ட்ராம்போலினும் ஃபோம் பிட்டும் உள்ள உள்ளரங்கு இருக்கிறது, ஏணி முழுசாக ஒரே இடத்தில் கிடைக்கும். லாக்ஸின் பெரிய ஹாஃப்பைப்பைப் பார்த்து ஆசைப்படுவீர்கள். சர்வதேச அளவுப் பைப்பின் சுவர் சுமார் 6.7 மீட்டர். அதற்கு முன் சின்னப் பைப்பில் சுவரோடு பழக வேண்டும். உங்களுக்கு எது என்று என்னைக் கேட்டால், முதல் முகாமுக்கு வுட்வர்ட், லாக்ஸ் இரண்டில் ஒன்று அல்லது கார்ட்ரோனா.

இன்னொரு விஷயமும் மனதில் இருக்கட்டும். கோடைப் பனி ஆண்டுக்காண்டு சுருங்கிக்கொண்டே போகிறது. விஸ்லரில் நீண்ட காலம் நடந்த கேம்ப் ஆஃப் சாம்பியன்ஸ் 2017-ல் மூடப்பட்டதற்குப் பனியாறு உருகியதுதான் முக்கியக் காரணம். 2022 கோடை வெயிலில் சுவிட்சர்லாந்தின் ஸெர்மாட்டிலேயே கோடைச் சறுக்கலைச் சில காலம் நிறுத்தினார்கள். எனக்கு இதைச் சொல்லும்போது வலிக்கிறது, இந்த விளையாட்டின் புது வடிவமே அந்தப் பனியாறுகளில்தான் பிறந்தது. பிளாக்கோமில் கோடைகளைக் கழித்த மைக் டக்ளஸ் முதலான கனடா மோகல்காரர்கள், பின்பக்கமாகவும் இறங்கக்கூடிய ஸ்கி வேண்டும் என்று கேட்டதிலிருந்து வந்ததுதான் சாலமன் நிறுவனம் 1998-ல் வெளியிட்ட டென்எய்ட்டி என்ற ஸ்கி. இன்று பார்க்கில் எல்லாரும் மாட்டும், இரு முனையும் மேல்நோக்கி வளைந்த ட்வின் டிப் ஸ்கி அதன் வழி வந்தது. ஆகவே கோடை முகாமுக்குப் பணம் கட்டுமுன், பனி போதாமல் ரத்தானால் பணம் திரும்புமா, அடுத்த வருடத்துக்கு மாற்றுவார்களா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பயிற்சியாளரைப் பற்றி. பெரிய போட்டியில் வென்றவர் நல்ல ஆசிரியராக இருக்க வேண்டும் என்பதில்லை. அமெரிக்கப் பயிற்றுநர் சங்கத்திலும் பிரிட்டன் சங்கத்திலும் ஃப்ரீஸ்டைலுக்கென்றே தனிச் சான்றிதழ்கள் இருக்கின்றன. அப்படி ஏதாவது இருக்கிறதா, அவரே வாரம் முழுக்க உங்களோடு இருப்பாரா என்று கேளுங்கள். தினம் ஒருவர் மாறினால் முதல் நாள் கண்டுபிடித்த குறையை மூன்றாம் நாள் வருபவர் மறுபடி முதலிலிருந்து கண்டுபிடிப்பார். ஒரு பயிற்சியாளருக்கு ஆறு பேருக்கு மேல் இருந்தால் உங்கள் தாவல்களில் பாதியை அவர் பார்க்கவே முடியாது. வீடியோ எடுக்கிறார்களா என்பதோடு, எப்போது காட்டுகிறார்கள் என்பதும் முக்கியம். மாலையில் திரையில் எல்லாரோடும் பார்ப்பது இனிமைதான். கற்பது நடப்பதோ, இறங்கின அடுத்த நிமிடம் லிஃப்டில் உட்கார்ந்து கைபேசியில் பார்க்கும்போது. உடம்பு அப்போதுதான் தான் செய்ததை மறக்காமல் இருக்கும்.

பல முகாம்கள் பத்து முதல் பதினெட்டு வயதுக்காரர்களுக்கானவை. நீங்கள் பெரியவர் என்றால் பெரியவர்களுக்கான வாரம் இருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளையை அனுப்புபவராக இருந்தால் இரவில் தங்குமிடத்தில் பொறுப்பு யாருக்கு, பயிற்சியாளர்களின் பின்னணியைச் சரிபார்த்தார்களா என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

தலையில் அடிபட்டால் என்ன செய்வார்கள் என்றும் கேளுங்கள். சரியான பதில் ஒன்றுதான்: அன்று அவர் மறுபடி சறுக்க மாட்டார், மருத்துவர் பார்க்காமல் திரும்ப விடமாட்டோம். "கொஞ்சம் ஓய்வெடுத்துவிட்டுத் தொடரலாம்" என்று சொல்லும் இடத்துக்குப் போகவே வேண்டாம். பயணக் காப்பீடு பலவற்றில் பார்க் தாவல்கள் விலக்கப்பட்டிருக்கும், மலை மீட்புச் செலவும் சேர்ந்திருக்காது. பாலிசியை வரிவரியாகப் படியுங்கள். ஹெல்மெட்டில் ஒருமுறை பலத்த அடி விழுந்திருந்தால் வெளியே கீறல் தெரியாவிட்டாலும் மாற்றிவிடுங்கள்.

முகாமுக்கு முன் ஆறு எட்டு வாரம் கிடைத்தால் இரண்டு வேலை. பனி கிடைக்கிற நாட்களில் எல்லாம் ஸ்விட்சில், அதாவது பின்பக்கமாகச் சறுக்குங்கள். 180 இறங்குவதும் ஸ்விட்சில்தான், நாளைக்கு 540 (ஒன்றரைச் சுற்று) வந்தால் அதுவும் ஸ்விட்சில்தான். எளிய சரிவில் இரு பக்கமும் திரும்பி, வேகத்தைக் கட்டுப்படுத்தி ஸ்விட்சில் கீழே வர முடியாதவருக்கு முகாமின் முதல் மூன்று நாளும் அதிலேயே போய்விடும். பனி இல்லாத நாட்களில் ஒற்றைக் காலில் குதித்து அசையாமல் நிற்கப் பழகுங்கள், முழங்கால் உள்பக்கம் சாயாமல். உள்ளே சாயும் முழங்கால்தான் தசைநாரைக் கிழிக்கிறது. ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சியாளர் இருக்கும் இடத்தில் ட்ராம்போலின் கிடைத்தால் நேராகக் குதித்து அதே புள்ளியில் இறங்குவதை மட்டும் செய்யுங்கள். யாரும் இல்லாமல் தலைகீழாக எதையும் முயல வேண்டாம்.

இப்போது முகாம்களுக்கு எழுதுங்கள், மூன்று நான்கு இடத்துக்கு ஒரே கடிதம் போதும். எத்தனை சீசன், எந்த அளவு ஜம்ப், 360 எந்தப் பக்கம் சுற்றுகிறீர்கள், தவறும்போது எப்படித் தவறுகிறது, ஸ்விட்ச் எப்படி, பழைய காயம் ஏதாவது உண்டா. எல்லாவற்றையும் மிகைப்படுத்தாமல் எழுதி, என்னை எந்தக் குழுவில் போடுவீர்கள், முதல் நாள் என்ன செய்வோம் என்று கேளுங்கள். "ஒரு வீடியோ அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறோம்" என்று பதில் வந்தால் அங்கே போங்கள். "கவலை வேண்டாம், எல்லா நிலைக்கும் ஏற்றது" என்று ஒரே வரி வந்தால் அடுத்த முகாமின் பதிலுக்குக் காத்திருங்கள்.